ஆய்வக மேசையா, அனுபவசாலியின் துணையா?

உயிரித் தொழில்நுட்பத்தில் புதிய நிறுவனம் தொடங்குபவருக்கு முதல் தடை கருவிகள்தான். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, 37 டிகிரி வெப்பத்திலும் 5 சதவீத கரியமில வாயுவிலும் செல்களை வளர்க்கும் பெட்டி என்று எல்லாவற்றையும் மூன்று பேர் கொண்ட குழு சொந்தமாக வாங்குவது பெரும்பாடு. புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேஷன் மையம் இவற்றையும் ஆய்வக மேசையையும் வாடகைக்குத் தருகிறது. உயிரிக் கழிவை அகற்றும் பொறுப்பையும் பெரும்பாலும் ஏற்கிறது. ஆனால் பொது ஆய்வகத்தில் ஒருவருடைய செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்தால், பக்கத்து மேசைக்காரரின் பல வார உழைப்பும் பாழாகலாம். அது புகுந்தால் வளர்ப்புத் திரவம் கலங்குவதுகூட இல்லை. தனிச் சோதனை செய்தால்தான் தெரியும்.

துறையில் அனுபவம் மிக்க வழிகாட்டி தருவது வேறு வகை உதவி. மாநாட்டில் முடிவுகளை வெளியிடத் துடிக்கும் இளம் விஞ்ஞானியிடம், "முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்" என்று அவர் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில், முன்பே வெளியான கண்டுபிடிப்புக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. எத்தனை நல்ல ஆய்வுகள் இப்படிக் கைநழுவுகின்றன என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

மரபணுத் தரவை மட்டும் கையாளும் குழுவுக்கு மேசை அவசரமில்லை. செல்களோடு வேலை செய்பவர் மேசையில்லாமல் ஒரு நாளும் நகர முடியாது. ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நான் வழிகாட்டியையே கேட்பேன். எந்த ஆய்வகத்தில் இடம் தேடலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.