மருதானைப் பழைய புத்தகக் கடையும் அன்னபூர்ணாவும்

கொழும்பு மருதானையில், டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமாக வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளுள் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நாற்பது வயதுவரை மலை ஏற நினைத்தே பார்க்காத என்னை ஏறவைத்தது, அங்கே 600 ரூபாய்க்கு வாங்கிய ஒரு நூல்.

பாடநூல்களும் சிங்கள, ஆங்கில நாவல்களும் கடையின் முன்புறத்தை நிறைத்திருக்கும். பயண நூல்களுக்கு உள்ளே போய்க் கீழ்த்தட்டில் குனிந்து தேட வேண்டும். தமிழ் நூல்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய மனக்குறை. ஆனால் கடைக்கார நானா நின்று வாசிப்பவரை ஒருபோதும் அவசரப்படுத்துவதில்லை. பிரெஞ்சு மலையேற்ற வீரர் மோரிஸ் ஹெர்சோக்கின் ‘அன்னபூர்ணா’ ஆங்கில மொழிபெயர்ப்பை நான் கையில் எடுத்ததும், “தம்பி, உள்ளே இருக்கிற மெப் பாதிதான் இருக்கு, பார்த்திட்டு எடுங்க” என்று அவரே சொன்னார்.

2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பல எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானபோது செய்தியை வாசித்துப் பெருமைப்பட்டேனே தவிர, எனக்கும் மலைக்கும் ஏதும் தொடர்பு இருப்பதாக நினைக்கவில்லை. இந்த நூல் அப்படி விடவில்லை. நேபாள இமயமலையில் 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவின் உச்சியை ஹெர்சோக்கும் லூயி லாஷெனாலும் 1950 ஜூன் 3 அன்று அடைந்தனர்; எண்ணாயிரம் மீற்றரைத் தாண்டிய சிகரம் ஒன்றின் உச்சியில் மனிதர் கால்வைத்தது அதுவே முதன்முறை. என்னைப் பிடித்துக்கொண்டதோ அதற்கு முந்திய பகுதி: கையிலிருந்த வரைபடங்கள் பிழையாக இருந்ததால், அவர்கள் முதலில் அருகிலுள்ள மற்றொரு சிகரமான தவுளகிரியைச் சுற்றிப் பார்த்து, பின்னர் அன்னபூர்ணாவுக்கு வழி தேடியே பல நாட்களைச் செலவிடுகிறார்கள். வழி தெரியாமல் தொடங்குவது குற்றமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இறங்கும்போது ஹெர்சோக்கின் கையுறைகள் சரிவில் உருண்டு போய்விடுகின்றன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தும், அவற்றைக் கைகளில் மாட்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பனிக்கடியால் விரல்களை இழந்தார். அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த பெப்ரவரியில் கோட்டையிலிருந்து ரயிலில் ஹட்டன் சென்று, நல்லதண்ணியிலிருந்து இரவோடிரவாகச் சிவனொளிபாத மலை ஏறினேன். 2,243 மீற்றர்தான், படிக்கட்டும் விளக்கும் உள்ள யாத்திரைப் பாதைதான். ஆயினும் விடியலுக்காக உச்சியில் காத்திருந்தபோது வியர்வையில் நனைந்த சட்டை காற்றில் குளிர்ந்து, விரல்கள் மரத்துப்போயின. பையின் மேலேயே வைத்திருந்த உலர்ந்த காலுறைகளை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டேன்.

கடையில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: பின்னர் வாங்கிய மற்றொரு நூலின் நடுவே சில பக்கங்கள் இல்லாததை வீட்டுக்கு வந்த பின்னரே கண்டேன். ஆகவே பணம் கொடுக்குமுன் பக்க எண்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடம் முழுமையாக உள்ள ‘அன்னபூர்ணா’ பிரதி வந்தால் எடுத்துவைக்கும்படி நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.