கோத்தகிரிப் பக்கம் "கேசினோ ரிசார்ட்" என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. ஊட்டியிலும் இல்லை, குன்னூரிலும் இல்லை, கொடைக்கானலிலும் இல்லை. 1930ஆம் ஆண்டின் சூதாட்டத் தடைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. லாட்டரிச் சீட்டே 2003இல் ஒழிந்துவிட்டது. ஊட்டியில் சட்டப்படி பந்தயம் கட்ட முடிந்த குதிரைப் பந்தய மைதானத்தையும் குத்தகை பாக்கிக்காக 2024 ஜூனில் வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, மலைமேல் ஒருவர் "கேசினோ ரிசார்ட்" என்று கூவினால், அங்கே கேசினோ இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது திருட்டுத்தனமாக நடக்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் பணம் பறிபோனது வேறொரு வழியில். அந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, அவர்கள் ஏற்கெனவே பெயரை மாற்றிவிட்டார்கள். பெயரைத் தெரிந்துகொள்வதைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

காலாண்டு விடுமுறைக்கு எங்கள் வீடும் கோவையில் இருக்கும் தங்கை வீடும் சேர்ந்து கிளம்பினோம். இடம் பார்த்தது மாப்பிள்ளை. ஃபேஸ்புக்கில் விளம்பரம்: பச்சை மேசை, பின்சுவரில் ஒரு மான் தலை, "கோவா எதற்கு, நீலகிரிக்கே வாங்க", தங்குகிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஐயாயிரம் ரூபாய் சிப்ஸ் (காசுக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லைகள்) இலவசம், ஊட்டியிலிருந்து பதினைந்தே நிமிடம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஊட்டி கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இந்த இடமோ கோத்தகிரியையும் தாண்டி, கோடநாடு போகிற ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. பனி இறங்கிவிட்டால் ஊட்டி போக ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இ-பாஸும் தாங்களே எடுத்துத் தருவதாகச் சொல்லி வண்டிக்கு 200 ரூபாய் வாங்கினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது இலவசம் என்பதுதான் சிலருக்குத் தெரிவதில்லை. குஞ்சப்பனை செக்போஸ்டில் காட்டினால் தேதியே வேறு. வண்டியை ஓரம் கட்டி, போனிலேயே புதிதாக எடுத்துக்கொண்டு ஏறினோம்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஈரம், போர்வையில் பூஞ்சை வாடை, காலை இரண்டு மணி நேரம்தான் வெந்நீர், ஹீட்டருக்குத் தனிக் காசு, கேம்ப் ஃபயருக்குத் தனிக் காசு. மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதைச் சாக்காக வைத்து, கண்ணாடி பாட்டில் தண்ணீர் நூறு ரூபாய். கோத்தகிரிக்குள் குடிநீர் ஏடிஎம்மில் சில்லறைக் காசுக்குப் பிடித்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் மலையில் இதெல்லாம் சகஜம், இதற்காக யாரும் பதிவு எழுதப் போவதில்லை. பில் மட்டும் கவனிக்க வேண்டியது. ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் "எஸ்டிமேட்" தாளைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை முன்பணம் அனுப்பிய ஜிபே எண்ணும் யாரோ ஒரு தனி ஆளுடையது.

சாயங்காலம் ஆனதும் ரிசப்ஷனில் இருந்த பையன் ஒவ்வொரு அறையாக வந்து சொன்னான்: "ஆறு மணிக்கு மேல வெளிய நடக்காதீங்க சார், காட்டெருமை வரும், கரடி வரும்." பொய்யில்லை. கோத்தகிரித் தோட்டங்களில் இரண்டும் நடமாடுவது உள்ளூர்க்காரர்களுக்குத் தினசரி விஷயம். ஆனால் கரடி இவர்களுக்குச் சம்பளம் வாங்காத ஊழியர். வெளியே போக முடியாது, அறையில் போன் சிக்னல் இல்லை, வெளிச்சமும் பாட்டும் சூடான பஜ்ஜியும் ஒரே ஹாலில்தான். எல்லோரும் அங்கேதான் போயாக வேண்டும்.

பழைய பங்களாவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஹால். விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடும் வகையில் இரண்டு மூன்று மேசைகள், ஒரு ரூலெட் சக்கரம் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று கட்டுகிற ஆட்டம்), கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட பையன்கள். "ஃபன் கேசினோதான் சார், பணம் கிடையாது, பாயின்ட்ஸ் மட்டும்" என்றார்கள். ஒரு மேசையில் ரூலெட், ஒன்றில் மூன்று சீட்டு ஆட்டமான தீன் பத்தி, இன்னொன்றில் நம்ம ஊர் உள்ளே வெளியே. பிள்ளைகளையும் உள்ளே விட்டார்கள். யாராவது ஜெயித்தால் மணி அடித்து, சிப்ஸை முன்னால் குவித்து வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள், அதை அவரவர் போனுக்கும் அனுப்பினார்கள். மணி ஓயவே இல்லை. ஹாலில் இருந்த எல்லோருமே ஜெயித்தார்கள்.

எனக்கு இடித்தது அங்கேதான். ஒரு பூஜ்யம் வைத்த ரூலெட் சக்கரத்தில் மொத்தம் 37 குழிகள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் 35 மடங்குதான் தருவார்கள். அந்த வித்தியாசத்தில், நாள்பட ஆடினால் நூறு ரூபாய்க்குச் சுமார் 2 ரூபாய் 70 காசு கடைக்காரன் பக்கம் போய்ச் சேரும். கேசினோ பிழைப்பது அந்தக் காசில்தான். வருகிறவன் எல்லாம் ஜெயித்துக்கொண்டே போனால், அந்த இடத்துக்கு வருமானம் சக்கரத்திலிருந்து வரவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை கணக்கில் மட்டும் மூன்று லட்சம் பாயின்ட் சேர்ந்தது.

நிஜமான கேசினோ எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆசை இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இந்தியாவில் அதற்கு உரிமம் பெற்று நடப்பது கோவாவிலும் சிக்கிமிலும். கோவாவில் பணஜியை ஒட்டி மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடும் மேசைகள் உண்டு. கரையில் இருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களுக்கு மின்னணு எந்திரங்களுக்குத்தான் அனுமதி. 21 வயது ஆகாதவர்களை ஆடும் தளத்துக்குள் விடமாட்டார்கள், வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்துத் தரும் சிப்ஸைக் காசாக்க முடியாது, ஆடத்தான் முடியும். அதில் ஜெயிப்பதைக் காசாக்கலாம். 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், பான் எண் இல்லாமல் நடக்காது. எங்கள் தகர ஹாலில் எட்டு வயதுப் பையன் தீன் பத்தி ஆடிக்கொண்டிருந்தான்.

இரவு பதினொன்றுக்கு மேல் பக்கத்து அறைக் கதவு ஒன்று திறந்தது. "பாயின்ட்ஸ் போரடிச்சா ரியல் டேபிள் இருக்கு சார்." சில ஆண்கள் போனார்கள், நாங்கள் படுக்கப் போய்விட்டோம். காலையில் அவர்களில் ஒருவர் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பந்தயத்தில் போன பணத்தைக் கோர்ட்டில் கேட்க முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவிலேயே பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று இருக்கிறது.

எங்கள் கதை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்தது. "பரிசளிப்பு" என்று டைனிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். ஜோடியாகத்தான் வர வேண்டும், பிள்ளைகளை விளையாட்டு அறையில் விட்டுவிட வேண்டும், போனை அணைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி மேசை, ஒரு சேல்ஸ்காரர். மாப்பிள்ளையும் தங்கையும் அந்த மூலையில், நானும் வீட்டுக்காரியும் இந்த மூலையில். வேண்டுமென்றே பிரித்து உட்கார வைத்தார்கள் என்பது அப்போதே தெரிந்தது.

மூன்று லட்சம் பாயின்டுக்குப் பரிசு என்ன தெரியுமா? 4,80,000 ரூபாய் மதிப்புள்ள ஐந்து வருட ஹாலிடே மெம்பர்ஷிப்பில் (முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வருடா வருடம் வந்து தங்கும் திட்டம்) மூன்று லட்சம் தள்ளுபடி. மீதி 1,80,000. அதில் இன்றைக்கு 45,000 கார்டில் தேய்த்தால் போதும், பாக்கி இஎம்ஐ. யோசித்துச் சொல்கிறோம் என்றால் பாயின்ட்ஸ் செக்-அவுட்டோடு காலாவதி. ஒருவர் கையெழுத்துப் போட்டதும் அங்கேயும் மணி அடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொன்ன என் மேசைக்கு "மேனேஜர்" ஒருவர் வந்தார், அவருக்கு மேல் இன்னொருவர் வந்தார், விலை இறங்கிக்கொண்டே போனது. இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் பசியில் கதவைத் தட்டினார்கள். எழுந்து வந்து பார்த்தால் மூலை மேசையில் மணி அடித்து முடிந்திருந்தது. "நேத்து நம்ம ஜெயிச்சதுதானே, விடறதுக்கு மனசு வரலை" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முந்தின ராத்திரி அவ்வளவு மணி அடித்திருக்கிறார்கள். கையிலே இல்லாத மூன்று லட்சத்தை இழக்கப் பயந்து கையில் இருந்த 45,000 போய்விட்டது.

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க இறங்கியபோது தங்கை அந்த நான்கு பக்க ஒப்பந்தத்தைப் படித்தாள். பொடி எழுத்து ஆங்கிலம். ஏப்ரல், மே, டிசம்பரில் அறை கிடையாது. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம், தங்கினாலும் தங்காவிட்டாலும். கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது. கார்டு ரசீதில் இருந்த கம்பெனி பெயர் ரிசார்ட்டின் பெயரே இல்லை, முகவரி வேறு மாநிலம்.

அங்கிருந்தே மாப்பிள்ளை போன் போட்டார். முதலில் சர்க்கரையாகப் பேசினார்கள். போலீஸுக்குப் போவோம் என்றதும் குரல் மாறியது.

"தாராளமா போங்க சார். நைட்டு நீங்க டேபிள்ல சிப்ஸ் குவிச்சு வச்சிருக்கற போட்டோ எங்ககிட்ட இருக்கு. தமிழ்நாட்டுல சூதாட்டம் கேஸு, தெரியுமில்ல? வேலைல இருக்கறவர் நீங்க, யோசிச்சுப் பண்ணுங்க."

கேசினோ என்கிற சொல்லை அவர்கள் ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வழக்கமாக ஹாலிடே மெம்பர்ஷிப் விற்கிறவர்கள் மாலில் கூப்பன் எழுதச் சொல்லி, டின்னருக்குக் கூப்பிட்டு விற்பார்கள். ஏமாந்தவர் ஊரைக் கூட்டுவார். இங்கே ஏமாந்தவர் வாயைத் திறக்க மாட்டார், ஏனென்றால் சீட்டு ஆடினேன் என்று மாமனாரிடமும் சொல்ல முடியாது, ஆபீஸிலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தார். தங்கைதான் விடவில்லை.

கோவையில் நாங்கள் பார்த்த வக்கீல் அந்த மிரட்டலைக் கேட்டுச் சிரித்துவிட்டார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து 2(47) என்ற உட்பிரிவைக் காட்டினார். நியாயமற்ற வணிக நடைமுறை எவையெவை என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. பரிசு தருவதாகச் சொல்லித் தராமல் இருப்பது அதில் ஒன்று. இலவசம் என்று காட்டிவிட்டு அதன் விலையை வேறு வழியில் வாங்கிக்கொள்வது ஒன்று. விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டியோ லாட்டரியோ அதிர்ஷ்ட விளையாட்டோ நடத்துவதும் ஒன்று. பணமே கட்டாமல் இலவச சிப்ஸ் வைத்து ஆட வைத்து, அந்தப் பாயின்டைக் காட்டி மெம்பர்ஷிப் விற்றிருக்கிறார்கள். "அந்த போட்டோ அவங்களுக்கு எதிரான சாட்சிங்க, பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க" என்றார்.

பக்கத்து அறைக்குப் போய் நிஜப் பணம் வைத்தவர்கள் நிலைமை வேறு. 1930ஆம் ஆண்டுச் சட்டப்படி சூதாட்ட விடுதியில் ஆடுவதற்காக இருந்தாலே குற்றம், அவர்கள் தனியாக ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது. மெம்பர்ஷிப்பில் மாட்டியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் செய்தது இதுதான். கார்டு கொடுத்த வங்கிக்கு அன்றைக்கே எழுதி அந்த 45,000ஐத் தகராறுக் கணக்கில் போட வைத்தோம். இஎம்ஐ கடன் இன்னும் பட்டுவாடா ஆகாமல் இருந்ததால் அதை நிறுத்த முடிந்தது, இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. இதற்காகக் கோத்தகிரிக்கோ அந்த வேறு மாநிலத்துக்கோ அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019 சட்டத்தில் வந்துவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரிசார்ட்டே இல்லாமல் வெறும் விளம்பரத்துக்கு ஜிபேயில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் என்றால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும், அது சைபர் குற்ற உதவி எண். சூதாட்டச் சட்டத்தின் வருடமும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்துவிட்டது, மறக்காமல் இருக்க அதுவும் ஒரு வழி.

நோட்டீஸ் போன பிறகு அவர்களிடமிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறோம், இனிப் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தங்கை மறுத்துவிட்டாள். வங்கி இன்னும் முடிவு சொல்லவில்லை, ஆணையத்தில் விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

விளம்பரம் இப்போதும் ஓடுகிறது. "கேசினோ" போய் "கேம் நைட்" ஆகியிருக்கிறது, இடமும் கொடைக்கானல் என்று போட்டிருக்கிறார்கள். படம் மட்டும் மாறவில்லை: பச்சை மேசை, மான் தலை. அந்த ஹாலில் உட்கார்ந்து, காலையில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் போனுக்கு அவர்கள் அனுப்பிய அந்த போட்டோவை அழித்துவிடாதீர்கள். கார்டு ரசீதோடும் ஒப்பந்தத்தோடும் சேர்த்து அதையும் மனுவில் இணையுங்கள்.