நூறு கட்டிலா, பத்துக் கட்டிலா?

அத்தைக்கு இடம் தேடி அலைந்ததில் கடைசியில் இரண்டு இல்லங்கள் மிஞ்சின. ஒன்று நூறு கட்டில் போட்ட பெரிய பராமரிப்பு இல்லம். இரவும் பகலும் நர்ஸ் இருப்பார், வாரம் மூன்று நாள் டாக்டர் வருவார். இன்னொன்றில் மொத்தமே பத்துப் பேர், பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்கும். அத்தைக்கு 84 வயது. வாக்கர் பிடித்து நடப்பார், மறதிநோய் ஆரம்பித்துவிட்டது, இன்சுலினும் உண்டு. வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தோம். அந்த ஆள் லீவு போட்டால் அன்றைக்கு எல்லாம் நின்றுபோனது.

முதலில் ஆள் கணக்கு. அமெரிக்க அரசுக்காக 2001இல் முடிந்த ஓர் ஆய்வு, நீண்டகாலம் தங்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4.1 மணி நேரமாவது நர்சும் உதவியாளரும் சேர்ந்து கவனிப்புத் தர வேண்டும், அதற்குக் கீழே போனால் தரம் இறங்கும் என்று சொன்னது. பத்துப் பேருக்கு 41 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் காலையில் இருவர், மதியம் இருவர், இரவில் ஒருவர். சின்ன இல்லத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. நூறு பேருக்கு இதே கணக்கில் தினம் ஐம்பத்தோரு பேர் டியூட்டிக்கு வர வேண்டும். பெரிய இல்லத்தில் டியூட்டி சார்ட்டைக் கேட்டால், மேலாளர் மொத்த ஊழியர் எண்ணிக்கையைச் சொன்னார். சமையல், தோட்டம், அலுவலகம் எல்லாம் அதில் அடக்கம். சரி, இரவில் ஒரு மாடிக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். "ரெண்டு பேர் சார்." அந்த மாடியில் 34 கட்டில். ஒருவரைப் புரட்டி டயப்பர் மாற்ற இரண்டு பேரும் போய்விட்டால் மற்ற 33 பேரின் மணியை யார் கேட்பது?

சின்ன இல்லத்திலும் ஓட்டை இருக்கிறது. இரவில் ஒருவர் விழுந்தால், அவரை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. நடத்துகிறவர் மாடியிலேயே தூங்குகிறார் என்பதால்தான் அதை ஒத்துக்கொண்டோம்.

படுக்கைப்புண் விஷயத்தில் காகிதத்தை வைத்துப் பார்த்தால் பெரிய இல்லம்தான் முன்னால் நின்றது. பிரேடன் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1987இல் வந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், சாப்பாடு என்று ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண். மொத்தம் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. அங்கே ஒவ்வொருவர் ஃபைலிலும் அது இருந்தது. கட்டில் முனையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததற்கான சார்ட்டும் தொங்கியது. நான் அதைப் பார்த்தபோது மணி நாலரை. ஆறு மணிக்கு எதிரே டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

சின்ன இல்லத்தில் சார்ட்டே இல்லை. அதுவும் குறைதான், எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஷிப்டுக்கு எப்படித் தெரியும்? ஆனால் குளிப்பாட்டி முடித்த ஒரு பாட்டியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர், குதிகாலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். ஏன் என்று கேட்டதும், "கருத்த தோல்ல செவப்புத் தெரியாது சார். தொட்டாத்தான் தெரியும், சூடா, கெட்டியா இருக்கும்" என்றார். நாலு வருஷமாக அந்தப் பாட்டியை அவர்தான் குளிப்பாட்டுகிறாராம். நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்த கை அது.

மாத்திரையில் பெரிய இல்லம் தெளிவாக ஜெயிக்கிறது. பூட்டு போட்ட வண்டி, கொடுத்ததற்குக் கையெழுத்து, மாதம் ஒருமுறை டாக்டர் பட்டியலைச் சரிபார்ப்பது எல்லாம் அங்கே ஒழுங்கு. வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பீர்ஸ் பட்டியல்கூட 1991இல் முதலில் இப்படிப்பட்ட இல்லவாசிகளுக்காகத்தான் தயாரானது. எனக்கு உறுத்தியது வேறு. மறதிநோய்ப் பகுதியில் மாலை நேரத்தில் பாதிப் பேர் நாற்காலியிலேயே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறதிநோயாளிகளை அடக்க மனநோய் மருந்து கொடுத்தால் சாவு அதிகமாகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. அவர்கள் தூங்கியதற்குக் காரணம் மருந்துதான் என்று நான் சொல்லவில்லை. கேட்டேன், பதில் வரவில்லை.

அப்புறம் விழுவது. பெரிய இல்லத்தில் எல்லாக் கட்டிலிலும் இரண்டு பக்கமும் கம்பி ஏற்றியிருந்தது. பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். குழப்பத்தில் இருப்பவர் அந்தக் கம்பியைத் தாண்டி இறங்கப் பார்ப்பார். கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி இறந்தவர்களும் உண்டு. இறங்க விடாத கம்பியும் ஒருவிதக் கட்டுதான். காரணமில்லாமல் கட்டிப்போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1987இல் சட்டம் வந்த பிறகு, கட்டுவது வெகுவாகக் குறைந்தது. சின்ன இல்லத்தில் கட்டிலைத் தரைக்கு ஒரு முழம் உயரத்துக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு மெத்தை விரித்திருந்தார்கள்.

பத்துப் பேர் வீடு என்பது புது யோசனையும் இல்லை. பில் தாமஸ் என்ற டாக்டரின் கிரீன் ஹவுஸ் திட்டத்தில் முதல் வீடுகள் 2003இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோ நகரில் திறந்தன. தனி அறை, பொதுச் சமையலறை, சமைப்பதும் குளிப்பாட்டுவதும் அதே ஆட்கள். கோவிட் வந்தபோது அந்த வீடுகளில் தொற்றும் சாவும் வழக்கமான இல்லங்களைவிடக் குறைவாக இருந்தன. உள்ளே வந்துபோகும் ஆட்கள் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அத்தையைச் சின்ன இல்லத்தில்தான் சேர்த்தோம். இன்சுலின்தான் கடைசி வரை இடித்தது. ராத்திரி சர்க்கரை இறங்கினால் அவர் உளறுவார், அதை மறதிநோய் என்று விட்டுவிடக் கூடாதே. தினமும் வந்துபோகும் நர்சை ஏற்பாடு செய்தோம். உளறினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். மூக்கில் குழாய், ஆக்சிஜன், அடிக்கடி சளி உறிஞ்சுவது என்று நிலைமை போனால் பெரிய இல்லத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த விண்ணப்பத்தை இன்னும் கிழித்துப் போடவில்லை.

போன வாரம் சொல்லாமல் இரவு ஒன்பது மணிக்குப் போனேன். அழைப்பு மணியின் கயிறு கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுத்துத் தலையணையில் பின் குத்திவிட்டு, டியூட்டியில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மற்ற ஒன்பது கட்டிலையும் பார்க்கப் போனார்.