பாரிஸ் நிலத்தடி எலும்புச் சுரங்கத்துக்கு முகவர் மூலம் செல்வோர் கவனத்திற்கு

கீழடி அருங்காட்சியகத்தையும் அதன் அருகே கொந்தகையில் இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகளையும் பார்த்து வந்த நாளிலிருந்து, பாரிஸ் நகரத்துக்கு அடியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளை அடுக்கி வைத்திருக்கும் சுரங்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் அப்பச்சியின் ஆசை. எனவே காரைக்குடி முகவர் ஒருவரிடம் ஐரோப்பியப் பயணத்துக்குப் பணம் கட்டியபோது, அந்த ஓரிடத்துக்கு மட்டும் தலைக்கு 6,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டதையும் பேரம் பேசாமல் கொடுத்தோம். புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே, "டிக்கெட் உறுதியாகிவிட்டது, ஐயாவுக்கு லிஃப்ட் வசதி உண்டு" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்.

இரண்டும் பொய். அங்கே நேரம் குறித்த நுழைவுச்சீட்டுகள் ஏழு நாள்களுக்கு முன்னர்தான் விற்பனைக்கு வருகின்றன என்பதை நான் பிறகே அறிந்தேன். முன்பே விசாரிக்காதது என் தவறு. எங்களை அழைத்துச் சென்ற நாளோ திங்கட்கிழமை, வார விடுமுறை. மறுநாள் முகவரின் ஆள் கையில் மேலும் யூரோ வாங்கிக்கொண்ட பிறகே சீட்டு வந்தது.

லிஃப்ட் இல்லை. குறுகலான சுழற்படிக்கட்டில் 131 படிகள் இறங்கி, முடிவில் 112 படிகள் ஏற வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அப்பச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் இறங்கினேன். இருபது மீட்டர் ஆழம், ஈரத் தரை, எப்போதும் 14 டிகிரிக் குளிர். இடுகாடுகள் நிரம்பி வழிந்ததால் 1786 முதல் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு எலும்புகளைக் கொண்டுவந்து கொட்டி, பின்னர் தொடையெலும்புகளை விறகு அடுக்குவதுபோல் அடுக்கி, இடையிடையே மண்டையோடுகளைப் பதித்திருக்கிறார்கள். மனிதர் பார்க்க வேண்டிய இடந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டவரை மேலே விட்டுவிட்டு வந்தவனுக்கு எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வெளியேறினால் அது வேறொரு தெரு. இதையும் எவரும் சொல்லாததால், அப்பச்சியைத் தேடிச் சேர அரை மணி நேரமானது.

ஊர் திரும்பிக் கேட்டதற்கு, "அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்றார் முகவர். வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.