தென்னமெரிக்கப் பூச்சி என்று விற்கப்படும் முட்டை அட்டை: பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புக்காரர்களிடையே சில மாதங்களாக ஒரு முட்டை அட்டை இணையவழியில் விற்பனையாகி வருகிறது. அதன் உறையில் 'கிரைசோபெர்லா எக்ஸ்டெர்னா, தென்னமெரிக்க இனம், சுருள் வெள்ளை ஈக்கு எதிரான வீரியமிக்க இரைவிழுங்கி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளை ஒட்டிய அட்டை நம் பகுதிக்குப் புதியதல்ல. வழக்கமாகக் கிடைக்கும் அட்டையைவிட இது இரு மடங்கு விலைக்கு விற்கப்படுவதும், அந்த விலைக்குக் காரணமாகப் பூச்சியின் பிறந்த கண்டம் சொல்லப்படுவதும்தான் புதிது. இரண்டு வகை அட்டைகளையும் வாங்கி, தோப்பில் சிலவற்றைக் கட்டிவிட்டு, சிலவற்றைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்து வளர்த்துப் பார்த்தேன். முட்டை பொரிகிறதா என்பதைவிட, உறையில் எழுதியிருக்கும் பூச்சிதான் உள்ளே இருக்கிறதா என்பதை அறிவதே என் முதல் நோக்கமாக இருந்தது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது டெல்டாவில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, பிறகு நம் பக்கமும் பரவியது. 2018 நவம்பரில் கஜா புயல் விட்டுவைத்த மரங்களின் ஓலைகளிலும் அது வெள்ளைச் சுருள்களாக முட்டையிட்டது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் மட்டைகளில் வழிய, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலை முழுவதும் கறுத்துப்போகிறது. நஞ்சு தெளித்தால் ஈயோடு சேர்ந்து என்கார்சியா குவாடலூப்பே என்னும் ஒட்டுண்ணிக் குளவியும் மடிந்துவிடும் என்பதால், வேளாண் பல்கலைக்கழகத்தார் மஞ்சள் ஒட்டுப்பொறி, விசையுடன் நீர் பீய்ச்சுதல், இரைவிழுங்கிகளை விடுதல் ஆகியவற்றையே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையை நம்பிப் பணம் செலவழிக்கும் விவசாயிக்கு, தான் வாங்குவது எந்த உயிர் என்று அறியும் உரிமை உண்டு.

முதலில் பொருளின் தரம். உறை நன்றாக இருக்கிறது. காற்றுத் துளைகளுடன், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் தாளுடன் வந்தது. முட்டைகள் காம்பு நீக்கப்பட்டவை. இயற்கையில் இந்தப் பூச்சி ஒவ்வொரு முட்டையையும் மெல்லிய காம்பின் நுனியில் வைக்கிறது. எறும்பு முதலிய எதிரிகளிடமிருந்தும், முதலில் பொரித்த உடன்பிறப்பிடமிருந்தும் முட்டையை அந்தக் காம்புதான் காக்கிறது. காம்பு நீக்கிய அட்டையைத் தோப்பில் கட்டும்போது அந்தப் பாதுகாப்பு இல்லாததால், முசுறு எறும்பு ஏறும் மரங்களில் கட்டினால் பாதி வீணாகும். உறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'மாலையில் ஓலையின் அடிப்பக்கம் பொருத்தவும்' என்ற குறிப்பு மட்டும் சரியாக இருக்கிறது. பச்சையாக வந்த முட்டைகள் சாம்பல் நிறமாகி, பெரும்பாலானவை பொரித்தன. உள்ளூர் அட்டையிலும் ஏறத்தாழ அதே அளவுதான் பொரித்தன. இந்தப் பகுதியில் வேறுபாடு எதுவும் இல்லை.

இனி, அடையாளம். நியூரோப்டெரா வரிசையில் கிரைசோபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை இந்தப் பூச்சிகள். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் கணிசமானவை தென்னமெரிக்காவுக்கும் நடு அமெரிக்காவுக்கும் உரியவை. அங்கே மூன்று பேரினங்களைப் பற்றி அதிகம் பேசுவார்கள்: கிரைசோபெர்லா, 1982ஆம் ஆண்டு ஆடம்ஸ் நிறுவிய செரியோகிரைசா, இனங்களின் எண்ணிக்கையில் மிகப் பெரியதான லூக்கோகிரைசா. இவற்றைப் பிரிக்கும் முதற்படியை விவசாயியே செய்துவிடலாம். செரியோகிரைசா, லூக்கோகிரைசா ஆகியவற்றின் புழுக்கள் தாம் உறிஞ்சிப் போட்ட இரையின் தோலையும் மெழுகுத் துகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, ஊரும் குப்பைத் துணுக்காகவே தோன்றும். கிரைசோபெர்லாவின் புழு அவ்வாறு சுமப்பதில்லை. அதன் வெற்று முதுகும் வளைந்த தாடைகளும் தெளிவாகத் தெரியும். நம் தென்னையில் வெள்ளை ஈக் கூட்டத்தின் நடுவே இயல்பாகவே காணப்படும் அபெர்ட்டோகிரைசா ஆஸ்டர் குப்பை சுமக்கும் வகை என்பதால், தோப்பிலேயே அதை இனம் பிரித்துவிடலாம். இரண்டு அட்டைகளிலிருந்தும் வெளிவந்த புழுக்கள் வெற்று முதுகோடு இருந்தன. ஆகவே உறையில் சொன்ன பேரினம் சரி என்று இந்தக் கட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

இனம் எது என்பதில்தான் கவனம் தேவைப்படுகிறது. எக்ஸ்டெர்னா 1861ஆம் ஆண்டு ஹேகன் என்னும் ஜெர்மானியப் பூச்சியியலாளரால் விவரிக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி தொடங்கி அர்ஜென்டினா வரை பரவியிருப்பது. காப்பி, கிச்சிலி, பருத்தி எனப் பல பயிர்களில் காணப்படுவதால் அங்கே உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுகளில் முதலிடம் பெற்றது. இத்தனை பரந்த இடத்தில் வாழும் பூச்சிக்கு ஒரே பெயர் நிலைக்க நீண்ட காலம் பிடித்தது. 1910ஆம் ஆண்டு பேங்க்ஸ் வைத்த லனாட்டா என்ற பெயரிலேயே பழைய தென்னமெரிக்கக் கட்டுரைகள் பல வெளிவந்தன. பிறகே இரண்டும் ஒரே பூச்சி என்று தெளிவாகி, முந்திய பெயர் நிலைபெற்றது. அதன் பின்னும் வேலை முடியவில்லை. 2002இல் அர்ஜென்டினாவிலிருந்து அர்ஜென்டினா என்ற பெயரிலேயே ஓர் இனமும், 2003இல் வடகிழக்குப் பிரேசிலின் முலாம்பழ வயல்களிலிருந்து ஜெனநிக்ரா என்னும் இனமும் விவரிக்கப்பட்டன. ஜெனநிக்ராவை விவரித்த ஃப்ரெய்ட்டாஸ், பிரேசிலின் ஜபோட்டிகபால் நகரில் பணியாற்றியவர். ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு நெருங்கிய உருவங்கள் இருக்கும்போது, எக்ஸ்டெர்னா என்று ஓர் உறையில் அச்சிட வேண்டுமானால் அதைச் சோதித்த ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்தச் சோதனையின் முதற்பகுதி பூச்சியின் கன்னத்தில் இருக்கிறது. கூட்டுக்கண்ணுக்கும் வாய்க்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பரப்பில் எக்ஸ்டெர்னாவுக்குச் சிவந்த பட்டை உண்டு. ஜெனநிக்ராவுக்கு அதே இடம் கருமை. முதுகின் நடுவே தலையிலிருந்து வயிறு வரை ஓடும் வெளிர்மஞ்சள் கோடு இந்தப் பேரினத்தில் பலவற்றுக்கும் பொதுவானது; அதை மட்டும் பார்த்துப் பெயர் வைக்க முடியாது. உயிருள்ள பூச்சியைச் சிறிது நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, அது அசையாத நிலையில் பத்து மடங்கு பெருக்கும் கைலென்சால் பார்த்தால் கன்னம் நன்றாகத் தெரியும். உலர்ந்த பூச்சியில் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே பார்த்துக் குறிக்க வேண்டும். விலை உயர்ந்த அட்டையிலிருந்து வந்த பூச்சிகளின் கன்னத்தில் நான் கண்டது கரும்பழுப்புப் பட்டை. உள்ளூர் அட்டைப் பூச்சிகளின் கன்னத்திலும் அதுவே இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எது எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று சொல்லாமல் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் காட்டினேன். அவராலும் பிரிக்க முடியவில்லை.

நிறம் மட்டும் முடிவான சான்றாகாது என்று அவர் சொன்னது நியாயம். முன்னிறக்கையில் நரம்புகளுக்கிடையே உள்ள ஒரு சிறு அறையின் வடிவத்தையும், அதன் அருகே வந்து சேரும் குறுக்கு நரம்பின் இடத்தையும் வகைப்பாட்டாளர்கள் பார்ப்பார்கள். லூக்கோகிரைசாவிலோ அந்த அறை நாற்கரமா, முட்டை வடிவமா என்பதைக் கொண்டே துணைப்பேரினத்தைப் பிரிக்கிறார்கள். இறுதிச் சான்று ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளில் இருக்கிறது. வயிற்றின் நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையை நீக்கி, கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டிக்னம் என்ற வில் வடிவ உறுப்பு இருப்பதும், கோனாப்சிஸ் என்ற உறுப்பு இல்லாததும் கிரைசோபெர்லாவின் அடையாளம். நண்பரின் ஆய்வகத்தில் இரண்டு அட்டைகளின் ஆண் பூச்சிகளையும் இவ்வாறு பார்த்தோம். பேரினம் உறுதியானது, இரண்டுக்கும் இடையே வேறுபாடு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

உள்ளூர் அட்டையின் உறையிலும் பெயர் சரியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் 'கிரைசோபெர்லா கார்னியா' என்றிருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் அந்தப் பெயரே வழங்கியது. ஆய்வேடுகளிலும் அரசு வெளியீடுகளிலும் அது பரவியிருக்கிறது. கார்னியா என்பது ஒரே இனமன்று, உருவத்தில் பிரிக்க முடியாத பல இனங்களின் குழு என்பதைச் சார்லஸ் ஹென்றி முதலிய ஆய்வாளர்கள் அவற்றின் காதல் பாட்டைக் கொண்டு காட்டினார்கள். ஆணும் பெண்ணும் வயிற்றை அதிரச்செய்து, தாம் அமர்ந்திருக்கும் இலையின் வழியாக ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. நம் காதுக்கு எட்டாத அந்த அதிர்வின் தாளம் இனத்துக்கு இனம் மாறுகிறது. இந்தியப் பூச்சியின் பாட்டைப் பதிவுசெய்து பார்த்தபோதுதான் இங்குள்ளது ஐரோப்பியக் கார்னியா அன்று, கிரைசோபெர்லா ஜாஸ்ட்ரோவி சில்லெமி என்பது தெளிவாயிற்று. அந்த முடிவு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. உறை அச்சிடுகிறவர்கள் அதன்படி பெயரை மாற்றிக்கொள்வது கடினமான வேலையன்று. எனினும் உள்ளூர் அட்டையின் பெயர்ப் பிழை பழைய வழக்கத்தின் எச்சம். அதற்காக ஒருவரும் கூடுதல் பணம் வாங்கவில்லை.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பிரேசிலிலிருந்து கொண்டுவந்த தாய்ப்பூச்சியின் வழி வந்ததுங்க ஐயா, அதனால்தான் இந்த விலை" என்றார். இறக்குமதி அனுமதியின் எண்ணைக் கேட்டபோது, அது நிறுவனத்தில் இருக்கும் என்றதோடு பேச்சு நின்றது. வெளிநாட்டு உயிரியல் கட்டுப்பாட்டுப் பூச்சிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி முன் அனுமதி வேண்டும். அதன் பிறகும் தனிமைக் காப்பில் வைத்துச் சோதித்த பின்னரே வெளியில் விட முடியும். இந்த நடைமுறைக்குக் காரணம் உண்டு. எதையும் தின்னும் ஓர் அயல்நாட்டு இரைவிழுங்கி, இங்கேயே இருக்கும் அபெர்ட்டோகிரைசாவின் முட்டைகளையும் புழுக்களையும் தின்றுவிடக்கூடும். உறையில் உள்ள வாசகம் உண்மையானால் அனுமதி எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உண்மையில்லையானால் கூடுதல் விலைக்கு அடிப்படையே இல்லை. இரண்டில் எதுவாயினும் வாங்குபவருக்கு நன்மையில்லை.

தோப்பில் கண்ட பயனையும் சொல்லிவிடுகிறேன். கன்றுகளிலும், கைக்கெட்டும் உயரத்தில் மட்டை தொங்கும் இளமரங்களிலும் புழுக்கள் வெள்ளை ஈயின் இளம்பருவங்களை உறிஞ்சுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அந்த ஓலைகளில் புதிய சுருள்கள் குறைந்தன. உயர்ந்த மரங்களில் அட்டையை மேலே ஏற்றிக் கட்ட ஆள் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், அங்கே இதன் பயனை என்னால் மதிப்பிட முடியவில்லை. முதிர்ந்த பூச்சி தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்வதால், வரப்பிலும் தோப்பின் ஊடேயும் பூக்கும் செடிகள் இருந்தால் அது அங்கேயே தங்கி முட்டையிடும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நெல் அறுவடைக்குப் பின் பருத்தி போடுகிறவர்களுக்கு அசுவினியின் மேல் இந்தப் பூச்சி தென்னையைவிட எளிதாகப் பயன்படும் என்பது என் எண்ணம். பருத்திச் செடியில் அட்டை கட்ட ஏணி வேண்டியதில்லை. இவை அனைத்திலும் இரண்டு அட்டைகளும் ஒரே மாதிரியே வேலை செய்தன.

முட்டை அட்டை என்ற அளவில் இந்தப் பொருளுக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன். பொரிப்பும் கட்டுமானமும் அதற்குத் தகுதியானவை. தென்னமெரிக்க இனம் என்ற உரிமைகோரலுக்கு மதிப்பெண் தர இயலாது. கன்னப்பட்டையின் நிறம் எதிர்த்திசையில் நிற்கிறது. உள்ளூர்ப் பூச்சியிலிருந்து பிரித்துக் காட்டும் ஓர் உறுப்பும் கிடைக்கவில்லை. விற்பனையாளர் தன் பக்கம் உண்மை இருப்பதாகக் கருதினால், வளர்ப்புக் கூட்டத்தின் சில ஆண் பூச்சிகளைச் சாராயத்தில் இட்டு பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்துக்கு அனுப்பி, அடையாளச் சான்று பெற்று உறையில் ஒட்டலாம். மரபணுக் குறியீட்டுச் சோதனை கார்னியா குழுவின் இனங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கத் திணறினாலும், இது இந்தியப் பூச்சியா எக்ஸ்டெர்னாவா என்ற கேள்விக்கு உதவும்.

அதுவரை, தாய்க்கூட்டம் எங்கிருந்து பெறப்பட்டது, முட்டையிட்ட நாள் எது, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்ற மூன்றையும் உறையில் அச்சிடும் அட்டையைத் தேடி வாங்குங்கள். வாங்குவதற்கு முன், வெள்ளை ஈ படிந்த ஓலை ஒன்றை அறுத்துக் கீழே போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதுகில் வெள்ளைத் துகள் சுமந்து ஊரும் புழுக்கள் தென்பட்டால் அபெர்ட்டோகிரைசா உங்கள் தோப்புக்கு வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பருவத்தில் எந்த அட்டையும் வாங்காமல், நஞ்சு தெளிப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள். ஐயமிருந்தால் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அந்த ஓலையை எடுத்துச் சென்று காட்டலாம்.