தி டெத் ஆஃப் ஸ்டாலின்: மூத்திரக் குட்டையைச் சுற்றி ஒரு மந்திரிசபை

சோவியத் தலைவர் ஸ்டாலின் செத்ததும் நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் மந்திரிகளைப் பற்றி அர்மாண்டோ இயானூச்சி இயக்கி 2017இல் வந்த இந்த நகைச்சுவைப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் ஒரு பக்கம். அத்தனை உயிர் போன காலத்தை வைத்து என்ன விளையாட்டு என்று முகம் சுளித்தவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் போக, வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேதி தேதியாகப் பிழை எடுக்கும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. இவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கை வைக்கும் இடம்தான் தப்பு. இதில் நம்பவே முடியாத காமெடியெல்லாம் பெரும்பாலும் நடந்தவை. சரித்திரம் போல கனமாக வரும் காட்சிகளில்தான் கற்பனை அதிகம்.

1953 மார்ச் 1. மாஸ்கோவுக்கு வெளியே குன்ட்செவோ பண்ணை வீட்டில் ஸ்டாலின் தரையில் விழுந்து கிடக்கிறார், உடை நனைந்திருக்கிறது. (நம்மூர் ஸ்டாலின் பிறந்ததும் அதே நாளில்தான், பெயர் வந்த காரணமும் இதே சாவுதான்.) காவலர்களுக்குக் கதவைத் திறக்கப் பயம். தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து, நனைந்த இடத்தில் முட்டி படாமல் மண்டியிட்டு அழ முயல்கிறார்கள். டாக்டரைக் கூப்பிடுவதா என்று கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டும். நல்ல டாக்டர்களோ சிறையில். இவ்வளவும் மிகை என்று தோன்றும். ஆனால் அன்று பகல் முழுக்க யாரும் உள்ளே போகாததும், இரவில் கண்டுபிடித்த பிறகும் மறுநாள் காலை வரை மருத்துவர் வராததும், 'டாக்டர்கள் சதி' என்ற பெயரில் பேர்பெற்ற மருத்துவர்கள் கைதாகியிருந்ததும் பதிவான சங்கதிகள். மார்ச் 5 இரவுதான் உயிர் போனது.

சாதாரண ஃபார்ஸ், அதாவது குளறுபடிக் காமெடி, ஒரு பொய்யை மறைக்கப் படும் பாட்டில் ஓடும்: கதவு திறக்கும், ஒருவன் பீரோவுக்குள் ஒளிவான். இங்கே பீரோவும் இல்லை, மறைக்க ரகசியமும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். முதலில் வாயைத் திறப்பவன் தொலைந்தான், அவ்வளவுதான். அதனால் படத்தின் சிறந்த நகைச்சுவை ஓட்டெடுப்பில் இருக்கிறது. மைக்கேல் பேலின் நடிக்கும் பழைய வெளியுறவு மந்திரி மோலோடோவ் ஒரு தீர்மானத்தைப் பற்றிச் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார். ஆதரவா எதிர்ப்பா என்று பிடிபடாமல் மற்றவர்களின் கைகள் பாதி எழும், இறங்கும், மறுபடி எழும். முடிவு ஏகமனதாக இருந்தாக வேண்டும் என்ற ஒரே விதியில் முழுக் காட்சியும் நிற்கிறது. அதே மோலோடோவ் தன் மனைவி போலினாவைத் துரோகி என்று திட்டிக்கொண்டிருக்கும்போதே ரகசியப் போலீஸ் தலைவர் பேரியா அவரை உயிரோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதும் அப்படித்தான். போலினா 1949இல் கைதானதும் ஸ்டாலின் செத்தபின் விடுதலையானதும் உண்மை. அவரைக் கட்சியிலிருந்து நீக்கும் ஓட்டெடுப்பில் முதலில் ஒதுங்கி நின்ற மோலோடோவ், பிறகு அது தவறு என்று எழுதிக் கொடுத்ததும் உண்மை. இதற்கு மேல் திரைக்கதை எழுதுபவன் என்னத்தைக் கூட்டுவான்?

இனி பிழைகள். பியானோ இசையமர்வை ஸ்டாலினுக்காக மறுபடி வாசித்துப் பதிவு செய்யும் தொடக்கக் காட்சி, 1940களைப் பற்றி வழங்கும் ஒரு கதை. அதன் மூலமான நினைவுநூலே சர்ச்சைக்குரியது. படம் சொல்வதுபோல் ரகசியப் போலீஸுக்கு 1953இல் என்.கே.வி.டி. என்ற பெயர் இல்லை. இதெல்லாம் சில்லறை. அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தைச் சுட்டு 1,500 பேரைக் கொன்றதாகப் படம் காட்டுவது அப்படியல்ல. நிஜத்தில் மக்கள் செத்தது துருப்னயா சதுக்கப் பக்கம் நெரிசலில் நசுங்கி. எண்ணிக்கை இன்றுவரை உறுதியில்லை. பேரியா கதையில் இன்னும் பெரிய கத்தரி விழுந்திருக்கிறது. அவர் கைதானது ஜூன் 26, சுடப்பட்டது டிசம்பர் 23. படத்தில் எல்லாம் இறுதிச் சடங்கின் சூட்டோடு முடிந்துவிடுகிறது. ஸ்டாலின் சாவுக்கும் பேரியாவின் கைதுக்கும் நடுவில் இருந்த மூன்று சொச்ச மாதத்தில் இதே பேரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை விடுவித்த பொதுமன்னிப்பை முன்னின்று நடத்தினார். கொலைகாரனே சீர்திருத்தவாதியாக வேடம் கட்டிய அந்த மாதங்கள் இயானூச்சி போன்றவருக்குச் சர்க்கரைப் பொங்கல். அதைப் பாதித் தட்டோடு நகர்த்திவிட்டார். கடைசி இருபது நிமிடத்தில் சிரிப்பு சட்டென்று நின்று போகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது தேவையான அறை என்று வாதாடுபவர்களும் உண்டு. பயம் முகத்துக்கு நேரே வருவது சரிதான். ஆனால் அவசரமாக வருகிறது.

செத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்ற புகார் மட்டும் நிற்காது. சுடப்படுபவர்கள் ஒருவரைக்கூடப் படம் கேலி செய்வதில்லை. அவர்கள் சட்டகத்தின் ஓரத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், நடுவில் மந்திரிகள் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று இடித்துக்கொள்கிறார்கள். ரஷ்யாவில் 2018 ஜனவரி 25 வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு அனுமதியைப் பறித்தார்களே, அதுவும் இந்தக் கேலி யார்மேல் விழுகிறது என்று புரிந்ததால்தான் இருக்கும்.

நடிப்பில் சைமன் ரஸ்ஸல் பீலின் பேரியாதான் முதலிடம். குரலை உயர்த்தாமலே நடுங்க வைக்கிறார். ஸ்டீவ் புஷெமியின் குருஷ்சேவ், பேரியாவைக் கடைசியில் கவிழ்க்கும் தலைவர், பைஜாமாவுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வருபவர். கோமாளி என்று நினைத்து ஏமாறுவது பேரியா மட்டுமில்லை, நாமும்தான். ஜேசன் ஐசக்ஸின் ராணுவத் தளபதி ஷுக்கோவ் வந்ததும் படத்துக்குப் புது மூச்சு. யாருமே ரஷ்ய உச்சரிப்பைப் பாவனை செய்யவில்லை, அவரவர் ஊர்ப் பேச்சுதான். சிலருக்கு இது உறுத்துகிறது. போலி ரஷ்ய இங்கிலீஷில் நூறு நிமிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பார்ப்பதற்கு முன் மாலென்கோவ் (ஸ்டாலினுக்கு அடுத்துப் பதவிக்கு வந்தவர்), பேரியா, குருஷ்சேவ், மோலோடோவ், ஷுக்கோவ் ஆகிய ஐந்து முகங்களைப் படத்தோடு ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் அரைமணி யார் யாரை மிதிக்கிறார் என்றே புரியாது. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசுவதால் சப்டைட்டில் கட்டாயம். கெட்டவார்த்தை தாராளம், பேரியாவின் பாலியல் கொடுமைகளும் பூடகமாக வருகின்றன, பிள்ளைகளோடு உட்கார வேண்டாம்.