கெடிஸ் புத்தகம்: அச்சு மோசம், சரக்கு அபாரம்

'பேட்ரிக் கெடிஸ் இன் இந்தியா' என்ற நகரமைப்புப் புத்தகத்தைப் போன மாதம் ஆன்லைனில் வாங்கினேன். ஸ்கேன் எடுத்து அப்படியே அச்சடித்த பிரதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வரைபடத்தில் தஞ்சாவூர்த் தெருக்கள் மை கொட்டிய மாதிரிதான் தெரிகின்றன. நாற்பது வருடம் பில்டிங் பிளான் வரைந்தவனுக்கு வயிறு எரியாதா? விற்றவர் பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் வேறு ரகம். கெடிஸ் ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியல் படித்தவர், பிறகு நகரமைப்பு நிபுணர் ஆனவர். 1914இல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்கள் ஏறிவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது! மறுபடி படங்கள் சேகரித்து 1915இல் சென்னையில் கண்காட்சி வைத்தார்கள்.

ஊர் ஊராக நடந்து அவர் எழுதிய அறிக்கைகளிலிருந்து ஜாக்குலின் டிர்விட் தொகுத்தது இது, 1947இல் வந்தது. நேர்க்கோட்டில் ரோடு போடுகிறேன் என்று வீடுகளை வாரிக்கொண்டு போகாதே. பாழடைந்ததை மட்டும் எடு, கிடைத்த இடத்தில் மரம் வை என்கிறார் கெடிஸ். கொசுவுக்குப் பயந்து குளத்தைத் தூர்ப்பதா, மீனும் வாத்தும் விடு என்கிறார். எங்கள் தெருக்கோடிக் குளம் இப்போது பஸ் ஸ்டாண்டு. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

இங்கிலீஷ் பழைய பாணி, வாக்கியங்கள் ரயில் மாதிரி நீளம். பரவாயில்லை. நான்கு ஸ்டார், ஒன்று அச்சுக்காகக் கழித்தது. நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், படங்களுக்காகவாவது.